மணல் துகளை நொடிக்கு 30 கிமீ வேகத்தில் எறிய ஏன் திணறுகிறோம்?

கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். ஐரோப்பாவின் மாபெரும் துகள் முடுக்கியான எல்.எச்.சி.யில் புரோட்டானை ஒளிவேகத்தை ஒட்டி ஓட்டுகிறார்கள். விண்கலக் கவசங்களைச் சோதிக்கும் ஆய்வகங்களிலோ ஒரு சின்ன அலுமினிய உருண்டையை நொடிக்கு 7 கிமீ-க்கு மேல் எறியவே மூச்சு வாங்குகிறது. விண்வெளியில் தூசியும் விண்கல் துணுக்குகளும் 20, 30, சில சமயம் 70 கிமீ வேகத்தில்கூட வந்து மோதுகின்றன. அத்தனை பெரிய முடுக்கியைக் கட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு மணல் துகளை 30 கிமீ வேகத்தில் எறிய ஏன் தெரியவில்லை?

தெரியாமல் இல்லை. எடையும் வேகமும் ஒரே கருவியில் சேர்ந்து கிடைப்பதில்லை, அங்கேதான் சிக்கல். ஒரு வகைக் கருவி கிராம் கணக்கில் எறியும், ஆனால் 7, 8 கிமீ-யில் நின்றுவிடும். இன்னொரு வகை 50, 100 கிமீ கூடக் காட்டும், ஆனால் அது எறிவது கண்ணுக்கே தெரியாத தூசி. நடுவில் இருக்கிற இடம் கிட்டத்தட்டக் காலி. நீங்கள் கேட்கிற மணல் துகள் அந்தக் காலி இடத்தில்தான் இருக்கிறது.

புரோட்டானிலிருந்தே தொடங்கலாம். ஆற்றல் போதவில்லை என்றுதான் முதலில் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 1 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, குறுக்களவுள்ள ஓர் இரும்புத் தூசி நொடிக்கு 5 கிமீ வேகத்தில் போகிறது என்று வையுங்கள். அதில் 4,000 கோடிக்கும் மேல் இரும்பு அணுக்கள் இருக்கின்றன. அத்தனையும் சேர்ந்து சுமக்கிற இயக்க ஆற்றல், எல்.எச்.சி.யின் ஒரே ஒரு புரோட்டான் சுமக்கும் 6.8 டெரா எலெக்ட்ரான் வோல்ட்டில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான்.

ஆக ஆற்றலுக்குப் பஞ்சமில்லை, பிடிமானத்துக்குத்தான் பஞ்சம். மின்புலம் ஒரு பொருளை இழுப்பது அதன் மின்னூட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான். அதனால் ஒரு கிலோவுக்கு எத்தனை கூலம் மின்னூட்டம் ஏறியிருக்கிறது என்பதே இங்கே முக்கியமான எண். புரோட்டானுக்கு அது கிலோவுக்கு 9.6 கோடி கூலம். நன்றாக மின்னேற்றிய ஒரு மைக்ரான் இரும்புத் தூசிக்குக் கிலோவுக்கு 7 கூலம் அளவில்தான் வரும். இரண்டையும் அதே 20 லட்சம் வோல்ட்டில் ஓடவிட்டால் புரோட்டான் நொடிக்கு 19,000 கிமீ-யைத் தாண்டும், தூசி 5 கிமீ-யைத் தொடும்.

இன்னும் கொஞ்சம் மின்னூட்டம் ஏற்றினால் என்ன? ஏற்றலாம், ஒரு அளவு வரைக்கும். தூசியின் பரப்பில் மின்புலம் மீட்டருக்கு 100 கோடி வோல்ட் என்ற அளவை எட்டும்போது பொருளே தாங்காத இடத்துக்கு நெருங்கிவிடுகிறோம். எதிர்மின்னூட்டம் ஏற்றினால் எலெக்ட்ரான்கள் தாமாகவே கசிந்து வெளியேறிவிடும். நேர்மின்னூட்டம் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும் என்பதால் தூசியை எப்போதும் அப்படித்தான் மின்னேற்றுகிறார்கள். அங்கேயும் ஒரு கட்டத்துக்கு மேல் பரப்பிலுள்ள அணுக்களே அயனிகளாகப் பிய்த்துக்கொண்டு போய்விடும்.

மின்னூட்டம் உட்காருவது பரப்பில். எடை இருப்பது கன அளவில். துகள் சிறுத்தால் எடை வேகமாகக் குறையும், பரப்பு அவ்வளவு வேகமாகக் குறையாது. அதனால் பொடி எவ்வளவு பொடியோ அவ்வளவு வேகம். அதே பரப்பு மின்புலம், அதே 20 லட்சம் வோல்ட் என்று வைத்துக்கொண்டால் 1 மைக்ரான் இரும்பு 5 கிமீ, 0.1 மைக்ரான் இரும்பு 16 கிமீ. தலைகீழாகப் பாருங்கள்: 1 மில்லிமீட்டர் இரும்பு உருண்டைக்கு நொடிக்கு 160 மீட்டர் சொச்சம்தான் கிடைக்கும். கைத்துப்பாக்கிக் குண்டு அதைவிட வேகமாகப் போகும். வோல்ட்டைக் கூட்டி ஈடுகட்டலாம் என்றால், வேகம் வோல்ட்டின் வர்க்கமூலமாகத்தான் ஏறுகிறது. கருவியை இரண்டு மடங்கு பெரிதாகக் கட்டி 1.4 மடங்கு வேகம் வாங்குவதை யாரும் லாபம் என்று சொல்ல மாட்டார்கள்.

சரி, எல்.எச்.சி. மாதிரி வட்டமாகச் சுற்றவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தள்ளு தள்ளலாமே? 1 டெஸ்லா காந்தப்புலத்தில் அந்த 5 கிமீ வேக இரும்புத் தூசியை வளைக்கவே 770 மீட்டர் ஆரமுள்ள வட்டம் வேண்டும். 30 கிமீ-க்கு ஆரம் நாலரைக் கிலோமீட்டரை நெருங்கும். அதைவிடப் பெரிய தொல்லை, புரோட்டான்கள் அத்தனையும் ஒரே அச்சு, தூசிகள் அப்படி இல்லை. ஒவ்வொன்றும் தனி எடை, தனி மின்னூட்டம். ஒன்றுக்குச் சரியான நேரத்தில் விழுகிற தள்ளு அடுத்ததற்குத் தவறான நேரத்தில் விழும். அதனால்தான் தூசி முடுக்கிகள் பெரும்பாலும் நேர்கோட்டில், ஒரே பெரிய மின்னழுத்த இறக்கத்தில் தூசியை உருட்டிவிடுகிற எளிய கருவிகளாகவே இருக்கின்றன.

இந்த முறையை ஷெல்டன், ஹெண்ட்ரிக்ஸ், வூர்க்கர் மூவரும் 1960-இல் வெளியிட்டார்கள். அடிப்படை அப்புறம் பெரிதாக மாறவில்லை. ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் மாக்ஸ் பிளாங்க் அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தில் வான் டி கிராஃப் என்ற உயர் மின்னழுத்தக் கருவி ஒன்று, 20 லட்சம் வோல்ட்டில், பல காலம் இந்த வேலையைச் செய்தது. பின்னர் அந்த வேலை ஸ்டுட்கார்ட்டுக்குப் போனது. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 30 லட்சம் வோல்ட் கருவி ஒன்று இருக்கிறது.

உள்ளே நடப்பது இதுதான். ஒரு சிறு கிண்ணத்தில் இரும்புப் பொடி. அதனருகே கூர்மையான டங்ஸ்டன் ஊசி. பல ஆயிரம் வோல்ட்டைத் துடிப்பாகக் கொடுத்ததும் பொடி கிண்ணத்துக்குள் துள்ளிப் பறக்கத் தொடங்கும். ஊசி முனையைத் தொட்டுவிட்டுப் போகிற துகள்தான் நன்றாக மின்னேறும். அது துளை வழியே நழுவி, முழு மின்னழுத்தத்தையும் தாண்டி, வெற்றிடக் குழாயில் ஓடும். வழியில் உலோகக் குழல் ஒன்று. துகள் அதற்குள் நுழைந்ததும் திரையில் ஒரு சின்ன மேடு எழும், வெளியேறியதும் இறங்கும். மேட்டின் உயரம் மின்னூட்டத்தைச் சொல்லும், அகலம் வேகத்தைச் சொல்லும். மின்னழுத்தம் ஏற்கெனவே தெரியும், அதனால் எடை தானாக வந்துவிடும். துகளை யாரும் பார்ப்பதில்லை. சத்தமும் இல்லை. அந்த மேட்டைத்தான் ‘துகள்’ என்று சொல்லிப் பழகிவிடுகிறார்கள்.

நமக்கு வேண்டாத எடையோ வேகமோ என்றால் அந்தத் துகளைப் பக்கவாட்டு மின்புலத்தால் தள்ளிவிட வேண்டும். முடிவெடுக்கக் கிடைப்பது மைக்ரோநொடிகள். மின்சுற்றே கணக்குப் போட்டு, தேவையானது வரும்போது மட்டும் வழியைத் திறந்துவிடும். நொடிக்கு 100 கிமீ எட்டிய தூசி என்று எங்காவது படித்தால், அந்தத் தூசி எவ்வளவு பெரியது என்று கேட்டுவிடுங்கள். நானோமீட்டர் கணக்கில்தான் பதில் வரும்.

அவ்வளவு சின்னதை வைத்து என்ன பயன் என்று கேட்கலாம். விண்கலங்களில் பறக்கும் தூசி அளவிகளுக்கு இதுவே தராசும் படிக்கல்லும். தூசி ஒரு உலோகத் தகட்டில் அதிவேகமாக மோதினால் ஆவியாகி, கொஞ்சம் அயனியாகவும் மாறும். அந்த அயனிகளின் அளவு துகளின் எடையோடு நேராகவும், வேகத்தோடு மிகக் கடுமையாகவும் ஏறும்: வேகத்தின் மூன்றரை மடிப்பெருக்கம் என்று சொல்வது வழக்கம். வேகம் இரண்டு மடங்கானால் சமிக்ஞை பதினொரு மடங்கு. ஆய்வகத்தில் அளந்து வைத்த அட்டவணை கையில் இல்லாவிட்டால் விண்வெளியில் கிடைக்கும் சமிக்ஞைக்கு அர்த்தமே இல்லை.

காசினி விண்கலத்தின் தூசி அளவி ஹைடல்பர்க்கில் இப்படித்தான் அளவுதிருத்தப்பட்டது. அந்த அளவிதான் சனியின் நிலவான என்சலடஸ் பீய்ச்சும் பனித்துகள்களில் சோடியம் உப்பு இருப்பதைக் காட்டியது. 2023-இல் அதே தரவுகளில் பாஸ்ஃபேட்டும் கண்டுபிடிக்கப்பட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தேடுவது பனித்துகளை, ஆனால் முடுக்கியில் ஓடுவது இரும்பு. பனி மின்சாரம் கடத்தாது, ஊசி முனையில் மின்னேறாது, வெற்றிடத்தில் வைத்தால் ஆவியாகியும் போகும். பாறைக் கனிமம், பிளாஸ்டிக் மணிகள் போன்றவற்றுக்குப் பாலிபிரோல் என்ற மின்கடத்தும் பாலிமரை மெல்லிய தோலாகப் பூசி ஓட்டிவிடுகிறார்கள். பனிக்கு அந்த வித்தை பலிக்கவில்லை. அதனால் நீர்த்தாரை ஒன்றை வெற்றிடத்தில் பாயவிட்டு லேசர் துடிப்பால் அடித்து, மோதலில் வெளிப்படுவது மாதிரியான அயனிகளை உண்டாக்கி ஒப்பிட்டார்கள். 2023-இல் சான் டியாகோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு ஒன்று உண்மையான பனித்துகள்களையே முடுக்கி மோதவிட்டு, நொடிக்கு 4.2 கிமீ வரை அமினோ அமிலங்கள் சிதையாமல் தப்புவதைக் காட்டியது. என்னைக் கேட்டால், 100 கிமீ சாதனையைவிட இந்த 4.2 பெரிய சாதனை. 2024 அக்டோபரில் யூரோப்பா நிலவை நோக்கிக் கிளம்பிய யூரோப்பா கிளிப்பரிலும் இப்படி ஒரு தூசி அளவி போகிறது. அங்கே மோதல் வேகமும் இதே அளவில்தான் இருக்கும்.

இனி கனமான பக்கத்துக்கு வருவோம். மில்லிமீட்டர், சென்டிமீட்டர் உருண்டைகளை மின்புலம் அசைக்காது என்று பார்த்தோம். வாயுவால் தள்ள வேண்டியதுதான். இங்கே தடை, வாயுவின் சொந்த வேகம். குண்டைத் தள்ள வேண்டுமானால் வாயு மூலக்கூறுகள் குண்டைத் துரத்திப் பிடிக்க வேண்டும். வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயு கனமானது. எவ்வளவு சூடானாலும் அதன் ஒலிவேகம் நொடிக்கு ஒரு கிமீ-யைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அதனால் மருந்தை எவ்வளவு கொட்டினாலும் சாதாரணப் பீரங்கி 2, 3 கிமீ-யில் மூச்சுத் திணறும். ஹைட்ரஜன் இலேசானது. அறை வெப்பத்திலேயே அதில் ஒலி நொடிக்கு 1.3 கிமீ போகும். சூடாக்கினால் அதைப்போல மூன்று மடங்கு எட்டலாம்.

நியூ மெக்சிகோவில் குரோசியர், ஹியூம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிடித்தது இந்த நூலைத்தான். அவர்களது கட்டுரை 1957-இல் வெளிவந்தது. இன்றைய ‘இரண்டு கட்ட வாயுத் துப்பாக்கி’ அந்த வழியில் வந்தது. முதல் கட்டத்தில் வெடிமருந்து ஒரு பிளாஸ்டிக் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் நீண்ட குழாயிலுள்ள ஹைட்ரஜனை நெருக்கிக்கொண்டே போய், குறுகும் கூம்புக்குள் திணித்துவிடும். நெருக்கத்திலேயே வாயு பயங்கரமாகச் சூடேறும். கூம்பின் முனையில் கீறல் போட்ட உலோகத் தகடு ஒன்று வழியை அடைத்திருக்கும். அழுத்தம் எல்லை மீறும்போது அது நான்கு இதழாகக் கிழிந்து விரியும். வாயு மெல்லிய சுடுகுழலுக்குள் பாய்ந்து உருண்டையைத் தள்ளும்.

உருண்டை நேரடியாகக் குழலில் உராயக் கூடாது. அதைப் பிளாஸ்டிக் உறை ஒன்று சுமந்து வரும், இந்தத் துறையில் அதற்கு சபோ என்று பெயர். குழலை விட்டு வெளியே வந்ததும் சபோ நாலாகப் பிரிந்து விலகும். நடுவில் துளையிட்ட இரும்புத் தகடு குறுக்கே நிற்கும். சபோவின் துண்டுகள் தகட்டில் மோதிச் சிதற, உருண்டை மட்டும் துளை வழியே போய் இலக்கில் விழும். இரண்டு மீட்டர் குழலுக்குள் ஓய்விலிருந்து 7 கிமீ வேகம் என்றால் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல 10 லட்சம் மடங்குக்கு மேல். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவை சுட்டாலே பெரிய வேலை. சுட்டு முடித்துத் திறந்தால் எரிந்த பிளாஸ்டிக் நாற்றம் அடிக்கும். பிஸ்டனின் தலை கூம்புக்குள் பற்பசை மாதிரி பிதுங்கி இறுகியிருக்கும், அதை வெளியே எடுப்பதே தனி வேலை. தகட்டில் நான்கு வடு சமச்சீராக இருந்தால் நல்ல சூடு. ஒரு வடு துளையின் ஓரத்தைக் கடித்திருந்தால் இலக்கில் விழுந்தது உருண்டையா சபோவா என்று அன்று மாலை முழுக்க வாக்குவாதம்தான்.

நாசாவின் ஏம்ஸ் மையத்திலுள்ள துப்பாக்கி அப்போலோ காலத்தில் நிலவுக் குழிகளைப் புரிந்துகொள்ளக் கட்டப்பட்டது. மணல் இலக்கைச் சுவரில் சாய்க்க முடியாது அல்லவா, அதனால் இலக்கைத் தரையில் வைத்துவிட்டுத் துப்பாக்கியையே சாய்க்கிறார்கள். கிடைமட்டத்திலிருந்து செங்குத்து வரை 15 பாகைப் படிகளில் ஏற்றி இறக்கலாம்.

வாயுத் துப்பாக்கி ஏன் 8 கிமீ பக்கத்தில் நிற்கிறது? இன்னும் அழுத்தினால் ஹைட்ரஜன் இன்னும் சூடாகும். அந்தச் சூட்டில் எஃகுக் குழலின் உட்புறம் உருகி, இரும்பு ஆவி ஹைட்ரஜனில் கலக்கும். இலேசாக இருக்க வேண்டும் என்பதற்காக எடுத்த வாயு கனமாகிவிடும். குழலும் போச்சு, வேகமும் போச்சு. 10, 11 கிமீ வரை சிலர் தள்ளியிருக்கிறார்கள், ஆனால் தினசரி வேலைக்கு அது ஆகாது.

இந்த 7 கிமீ கவசச் சோதனைக்கு எவ்வளவு பொருத்தம்? நொடிக்கு 3 கிமீ-யை நெருங்கும்போதே எந்தப் பொருளும் தன் எடைக்குச் சமமான டி.என்.டி. வெடிமருந்தின் ஆற்றலைச் சுமக்கிறது. 1 சென்டிமீட்டர் அலுமினிய உருண்டை 7 கிமீ-யில் எட்டு கிராம் டி.என்.டி.க்குச் சமம். மோதும் இடத்தில் அழுத்தம் 10 லட்சம் வளிமண்டலத்தை நெருங்கும். அலுமினியம் உருகிவிடும். ஃப்ரெட் விப்பிள் 1940-களில் சொன்ன கவசம் இதையே தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது: விண்கலச் சுவருக்கு முன்னே கொஞ்சம் தள்ளி மெல்லிய தகடு ஒன்று. வருகிற துகள் தகட்டில் மோதி உருகிச் சிதறி, பரவலான தூறலாகச் சுவரில் விழும்.

இதனால் ஒரு விநோதம் நடக்கிறது. மெதுவான துகள் வேகமானதைவிட ஆபத்தாகிவிடும். 3 கிமீ சுற்றுவட்டாரத்தில் துகள் உடையாமலே தகட்டைத் துளைத்து முழுசாகச் சுவருக்குப் போய்விடும். 7 கிமீ-யில் அதே துகள் தூறலாகிவிடும். அதற்கு மேலே போனால் ஆற்றல் கூடுவதால் ஆபத்து மறுபடி ஏறும். எந்த வேகத்தில் எவ்வளவு ஆபத்து என்று காட்டும் வளைகோடுதான் வடிவமைப்பாளர்களுக்கு வேண்டும், அதன் முதல் பாதியைத் துப்பாக்கி நன்றாகவே அளந்து கொடுக்கிறது. குறைந்த உயரச் சுற்றுப்பாதையில் குப்பைகள் சராசரியாக 9, 10 கிமீ வேகத்தில் மோதுகின்றன, விண்கல் துணுக்குகள் அதற்கும் மேல். கோட்டின் அந்தப் பகுதி பெரும்பாலும் கணினிக் கணக்கும், அளந்த கோட்டை மேலே நீட்டிப் போடுவதும்தான்.

அந்தக் காலி இடத்தை எட்டிப் பார்க்கும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகம் துப்பாக்கிக்கு மூன்றாம் கட்டம் ஒன்றைச் சேர்த்து மெல்லிய உலோகத் தகடுகளை 16 கிமீ வரை எறிந்தது. அவர்களது இசட் கருவி காந்த அழுத்தத்தால் தகட்டை 40 கிமீ-க்கு மேல் கொண்டுபோகும். ஆனால் எறிவது தகடு. மோதல் அழுத்தத்தை ஆராய அது பொன்னானது, விண்வெளித் துணுக்கு மாதிரி ஓர் உருண்டையை எறிய உதவாது. வெடியின் விசையை ஒரே திசையில் குவிக்கும் குவிவெடி முறையில் 11 கிமீ அளவில் உலோகத் தாரையைப் பீய்ச்சலாம், அதன் வடிவம் நம் கையில் முழுசாக இல்லை.

எனக்குப் பிடித்தது 1990-களில் செய்த ஒரு குறுக்குவழி. அலுமினியத்தை இன்னும் வேகமாக எறிய முடியாவிட்டால், குறைந்த வேகத்திலேயே உருகி ஆவியாகும் உலோகத்தை எறிவோமே என்று காட்மிய உருண்டையைக் காட்மியத் தகட்டின்மேல் 6 கிமீ அளவில் சுட்டார்கள். பொருளின் நிலை மாற்றத்தை வைத்துப் பார்த்தால் அது அலுமினியம் 18 கிமீ-யில் மோதுவதற்கு ஏறத்தாழ ஈடு. போலிதான், ஆனால் கணினியின் கணக்கைச் சரிபார்க்க வேறு எதுவும் இல்லாதபோது நல்ல போலி.

மிச்சத்தை விண்வெளியிடமே கேட்டுக்கொள்கிறார்கள். 1983-இல் சேலஞ்சர் விண்வெளி ஓடத்தின் சன்னலில் 0.2 மில்லிமீட்டர் பெயின்ட் துணுக்கு ஒன்று மோதி, மில்லிமீட்டர் கணக்கில் குழி போட்டது. கண்ணாடியையே மாற்ற வேண்டியதாயிற்று. 1986-இல் ஹாலி வால்மீனை நெருங்கிய ஜியோட்டோ விண்கலம் நொடிக்கு 68 கிமீ-யில் தூசிக்குள் புகுந்தது. அந்த வேகத்தில் அந்த அளவுத் துகளைத் தரையில் சோதித்துப் பார்க்க அன்றும் வழியில்லை, இன்றும் இல்லை. நெருங்கும் கடைசி நொடிகளில் ஒரு கிராம் அளவுள்ள துகள் ஒன்று அடித்து, கலம் தள்ளாடி, பூமியோடு தொடர்பு விட்டுவிட்டு வந்தது.

ஸ்டார்டஸ்ட் கலத்தின் பாதையை வகுத்தவர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். வைல்ட் 2 வால்மீனின் தூசியைப் பிடித்துக் கொண்டுவர வேண்டும், அது முழுசாக ஆவியாகிவிடக் கூடாது. சந்திப்பு வேகத்தை 6.1 கிமீ-க்குக் கொண்டுவந்தார்கள். 2004 ஜனவரியில் ஏரோஜெல் என்ற மிக இலேசான நுண்துளைப் பொருளிலும் அலுமினியத் தாளிலும் தூசி பதிந்தது, 2006-இல் பூமிக்கு வந்து சேர்ந்தது. 6.1 என்பது வாயுத் துப்பாக்கி தினமும் எட்டுகிற வேகம். இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத் துப்பாக்கியில் தெரிந்த கனிமப் பொடிகளை அதே வகை அலுமினியத் தாளில் அதே வேகத்தில் சுட்டு, குழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். எந்தக் குழி எந்த அளவுத் துகளால் வந்தது என்று அதனால்தான் சொல்ல முடிந்தது.